சாவியைக் கொடுத்தாயிற்று, பெயர் இன்னும் மாறவில்லை

கேள்வி: வணக்கம். தஞ்சாவூரில் ஆசிரியையாக இருக்கிறேன். 2019-இல் வாங்கிய என் காரை இரண்டரை மாதத்துக்கு முன்பு, என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியரின் மைத்துனருக்கு விற்றேன். அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். பணம் முழுவதும் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. புரோக்கர் கொண்டுவந்த படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். அவற்றில் வேறு எதுவும் நிரப்பியிருக்கவில்லை. இன்றுவரை பெயர் மாறவில்லை. போக்குவரத்து அபராதக் குறுஞ்செய்தி எனக்கு வருகிறது, சுங்கச்சாவடிப் பணம் என் கணக்கில் கழிகிறது, கார் எங்கே நிற்கிறது என்பதுகூட கம்பெனி ஆப்பில் தெரிகிறது. கேட்டால், “டிஜிலாக்கர்ல இருக்கிற ஆர்.சி.யை அனுப்புங்க மேடம், ஆப் பாஸ்வேர்டும் கொடுங்க, மத்ததெல்லாம் ஆன்லைன்ல தானா மாறிடும்” என்கிறார். இன்சூரன்ஸை ரத்து செய்தால் தானாக வழிக்கு வருவார் என்பது என் அண்ணன் யோசனை. உடன் வேலை பார்ப்பவரின் உறவு என்பதால் சண்டைக்குப் போகவும் மனமில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வணக்கம். உங்கள் அண்ணன் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதிலேயே ஆபத்தான யோசனை அதுதான். இன்சூரன்ஸை ரத்து செய்யாதீர்கள். பெயர் மாறும் நாள்வரை அந்த பாலிசிதான் உங்களுக்குப் பாதுகாப்பு. இடையில் அது முடிகிற தேதி வந்தால், குறைந்தபட்சம் மூன்றாம் நபர் காப்பீட்டையாவது (வண்டியால் அடிபடும் மற்றவர்களுக்கானது) உடனே எடுக்க வைத்துவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். மோட்டார் விபத்து வழக்குகள்தான் எனக்குத் தினசரி வேலை. விபத்தில் அடிபட்டவரோ, இறந்தவரின் குடும்பமோ இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடும்போது, வண்டியின் உரிமையாளரை எதிர்மனுதாரராகச் சேர்ப்போம். கூடவே இன்சூரன்ஸ் கம்பெனியையும் சேர்ப்போம். அந்த உரிமையாளர் பெயரை எங்கிருந்து எடுக்கிறோம்? வாகன் என்ற அரசு இணையதளத்தில் இருக்கும் வண்டிப் பதிவிலிருந்து. விபத்து நடந்த அன்று வண்டியை யார் ஓட்டினார், யார் வீட்டு வாசலில் அது நிற்கிறது என்பதெல்லாம் பிறகுதான் வரும். இன்றைக்கு உங்கள் கார் பொள்ளாச்சி சாலையில் யார்மீதாவது மோதினால், சம்மன் தஞ்சாவூருக்கு, உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

“விற்றுவிட்டேன், பணமும் வாங்கிவிட்டேன்” என்று சொல்லித் தப்பிக்க முடியாதா என்றால், முடியாது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வந்த காரைப் பதிவு உரிமையாளர் ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அப்படியே கைமாறிக்கொண்டே போனது. யாரும் பதிவை மாற்றவில்லை. விபத்து நடந்தபோது முதலில் விற்றவருக்கும் அந்தக் காருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது என்று நீதிமன்றம் சொன்னது. வண்டி எத்தனை பேர் கைமாறியது என்று அடிபட்டவர் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது அதற்கான நியாயம். அதை நான் மனதார ஏற்கிறேன். ஆனால் அதே நியாயம், பெயர் மாற்றாமல் விட்ட விற்பனையாளரின் தலையில் வந்து விழுகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் பாலிசி இருந்தால் கம்பெனி கட்டும். நீங்கள் ரத்து செய்திருந்தால் உங்கள் சம்பளத்திலிருந்தும் வீட்டிலிருந்தும்தான் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் அண்ணனிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

அடுத்து, “ஆன்லைன்ல தானா மாறிடும்” என்ற பேச்சு. எதுவும் தானாக மாறாது. ஒரு காரைப் பற்றிய பதிவுகள் இன்று வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. உரிமை யாருடையது என்பது போக்குவரத்துத் துறையின் வாகன் தளத்தில். பாலிசி இன்சூரன்ஸ் கம்பெனியிடம். ஃபாஸ்டேக் அதை வழங்கிய வங்கியிடம். சர்வீஸ் வரலாறும் ஆப்பும் கார் கம்பெனியிடம். ஒன்றில் பெயர் மாறியதைப் பார்த்து மற்றவை தாமாக மாறிக்கொள்வதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக யாராவது போய் மாற்ற வேண்டும். அதில் சிலது உங்கள் வேலை, சிலது அவர் வேலை. அவருடைய வேலையையும் நீங்கள்தான் விரட்டி முடிக்க வைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் தள்ளிப்போடுவதால் தனக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்றுதான் அவர் நினைப்பார்.

வாகன் பதிவுதான் எல்லாவற்றுக்கும் வேர். சட்டத்தின் 50-ஆவது பிரிவு இரண்டு பேருக்கும் தனித்தனிக் கடமை வைத்திருக்கிறது. அதே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். விற்றவர் தெரிவிப்பதற்கானது படிவம் 29. மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது படிவம் 30. “அவர்தானே மாற்றணும், எனக்கென்ன” என்று பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் படிவம் 29 உங்களுடையது. அதை அனுப்ப அவருடைய சம்மதமும் வேண்டாம், புரோக்கரின் தயவும் வேண்டாம்.

நீங்கள் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. நம் ஊரில் இது பழக்கமாகவே ஆகிவிட்டது. புரோக்கர் அதைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆள் கிடைக்கும்போது அவர் பெயரை எழுதிக்கொள்வார். இடையில் யார் யாரிடம் வண்டி இருந்தது என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது. தேதி போடாத கையெழுத்து என்றால், அடுத்த வருடத் தேதியைக்கூடப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே நீங்களே புதிதாக ஒரு படிவம் 29-ஐ இரண்டு பிரதி நிரப்புங்கள். வாங்கியவரின் முழுப் பெயர், முகவரி, வண்டியை ஒப்படைத்த தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்திடுங்கள். பணம் வந்த நாளின் வங்கிக் கணக்கு விவரம், ஒப்படைப்புக் கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல் இவற்றையும் சேருங்கள். முன்பு கொடுத்த கையெழுத்துப் படிவங்களை வேறு யார் பெயரிலும் பயன்படுத்த எனக்குச் சம்மதமில்லை என்று ஒரு வரியைத் தனிக் கடிதத்தில் எழுதுங்கள். அவருடைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும், வண்டி பதிவான உங்கள் அலுவலகத்துக்கும், நகலை அவருக்கும், சேர்ந்ததற்கு ஒப்புகை வரும்படி விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் அலுவலகத்துக்கு நேரிலேயே போய், பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. நாள் கடந்துவிட்டதற்குச் சிறு தொகை கட்டச் சொன்னால் கட்டிவிடுங்கள்.

இதனால் உங்கள் பெயர் பதிவிலிருந்து போய்விடாது. அதை நினைவில் வையுங்கள். ஆனால் நாளைக்கு எந்த அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் “நான் தெரிவித்தேன், இதோ ஒப்புகை” என்று காட்ட ஒரு காகிதம் இருக்கும். வண்டியை அன்று ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமையும் 133-ஆவது பிரிவில் உரிமையாளருக்குத்தான் இருக்கிறது. அப்போதும் இந்தக் காகிதம்தான் உதவும்.

உண்மையான மாற்றத்துக்கு அவர் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் பெரிய தொகை இல்லை. வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களையும் போட்டதும், பதிவில் இருக்கும் கைபேசிக்கு ஓ.டி.பி. போகும். அது உங்கள் எண். இரண்டரை மாதமாக அப்படி ஒரு ஓ.டி.பி. உங்களுக்கு வரவே இல்லை என்றால், அவர் விண்ணப்பிக்க ஆரம்பிக்கவே இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். வரும்போது எதற்கான எண் என்று அந்தச் செய்தியிலேயே இருக்கும். படித்துப் பார்த்து, பெயர் மாற்றத்துக்கானதுதான் என்று உறுதியான பிறகு வாங்கியவரிடம் மட்டும் சொல்லுங்கள். புரோக்கர் போன் செய்து அவசரப்படுத்தினால் சொல்லாதீர்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். புதிய உரிமையாளரின் கைபேசி எண் கேட்கும் கட்டத்தில் அவருடைய சொந்த எண்ணைத்தான் போட வேண்டும். வேலையைச் செய்து தருகிற புரோக்கர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், பிறகு அபராதச் செய்தியும் அடுத்த ஓ.டி.பி.யும் புரோக்கருக்கே போகும். நான்கு வருடம் கழித்து இவர் விற்கப் போகும்போது அந்தப் புரோக்கர் எந்த ஊரில் இருக்கிறாரோ!

கடன் போட்டு வாங்கிய கார் என்றால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்துவிட்டது என்பதால் அது நீங்கிவிடாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து நீக்க வேண்டும். இது பாக்கி இருந்தால் தாமதத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. அவர்மேல் மட்டும் குறை சொல்ல முடியாது. நிலுவை அபராதமும் அப்படித்தான். ஒப்படைத்த தேதிக்கு முந்தையது உங்களுடையது, கட்டிவிடுங்கள். பிந்தையதை அவர் கட்ட வேண்டும். உங்களுக்கு வந்த செய்திகளில் இருக்கும் சலான் எண்ணை இ-சலான் தளத்தில் போட்டுப் பாருங்கள். இடம், தேதி, பல நேரம் கேமரா எடுத்த படமும் இருக்கும். அதை அப்படியே அவருக்கு அனுப்புங்கள். வாக்குவாதமே தேவைப்படாது.

ஆர்.சி.யை டிஜிலாக்கரிலிருந்து அனுப்பச் சொல்கிறார் என்கிறீர்கள். அனுப்பி ஒரு பயனும் இல்லை. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டும் ஆர்.சி.யை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு சொன்னது உண்மை. அந்தச் செயலிகள் வழியாகக் காட்டும் ஆவணத்துக்குத்தான் அந்த மதிப்பு. வாட்ஸ்அப்பில் வந்த நகலை நீட்டினால் அது வெறும் படம், அதிலும் உங்கள் பெயர் போட்ட படம். பெயர் மாறிய பிறகு அவர் தன் கணக்கிலேயே புது ஆர்.சி.யை இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒரு சிக்கல் வர வாய்ப்பிருக்கிறது, நம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு முக்கியமாக: இனிஷியல். ஆதாரில் “முருகன் கே” என்றும் விண்ணப்பத்தில் “கே முருகன்” என்றும் இருந்தால், பெயர் பொருந்தவில்லை என்று டிஜிலாக்கர் மறுத்துவிடலாம். விண்ணப்பிக்கும்போதே ஆதாரில் உள்ளபடி, எழுத்து பிசகாமல் போடச் சொல்லுங்கள். பிறகு திருத்துவது இரட்டை வேலை. அது முடிந்ததும் உங்கள் டிஜிலாக்கரில் உள்ள பழைய ஆர்.சி.யை நீக்கிவிடுங்கள்.

ஆதார் நகல் பற்றியும் ஒரு வார்த்தை. புரோக்கரிடம் கொடுத்திருப்பீர்கள். இனி கேட்டால் முதல் எட்டு இலக்கங்கள் மறைந்த ஆதாரைப் பதிவிறக்கி, நகலின் குறுக்கே “இந்த எண்ணுள்ள காரின் பெயர் மாற்றத்துக்கு மட்டும்” என்று வண்டி எண்ணோடும் தேதியோடும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

சரி, ஃபாஸ்டேக்குக்கு வருவோம். இது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, இந்த வாரமே முடிக்கலாம். அவருக்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுத்து, “இந்தத் தேதியில் மூடுகிறேன், புது ஃபாஸ்டேக் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று எழுதிவிட்டு, வழங்கிய வங்கியின் செயலியிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ மூடக் கேளுங்கள். மீதித் தொகையும் முன்வைப்புத் தொகையும் திரும்பி வரும். சொல்லாமல் மூடினால் அவர் சுங்கச்சாவடியில் அதிகக் கட்டணம் கட்டி நிற்பார், உறவும் கசக்கும். ஒரு வண்டிக்கு ஒரு ஃபாஸ்டேக்தான் என்பது விதி. உங்களுடையது உயிரோடு இருக்கும்வரை அவருக்குப் புதியது கிடைப்பதும் சிக்கல். மூடுவதற்கு முன்பு, விற்ற நாளுக்குப் பிந்தைய கழிவுகளின் பட்டியலை எடுத்து வையுங்கள். அந்தப் பணத்தைக் கேட்பதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் பட்டியல் வேண்டும். வண்டி எந்தத் தேதியிலிருந்து அவர் கையில் ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

ஆப் பாஸ்வேர்டு? கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் உங்கள் எண், முகவரி, நீங்கள் போய் வந்த இடங்கள் எல்லாம் இருக்கும். சில மாடல்களில் அதே ஆப்பால் கதவைத் திறக்கலாம், எஞ்சினை இயக்கலாம், ஏசி போடலாம். ஒரே கணக்கை இரண்டு பேர் வைத்திருந்தால் நாளைக்கு எது நடந்தாலும் இரண்டு பேர்மீதும் சந்தேகம் வரும். உங்கள் கணக்கில் இருந்து வண்டியை நீக்குவதற்கான வழி அமைப்புகளுக்குள் இருக்கும். தெரியாவிட்டால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு, வண்டி விற்கப்பட்டது என்று மின்னஞ்சல் எழுதுங்கள். புது ஆர்.சி. வந்ததும் அவர் அதைக் காட்டித் தன் பெயரில் கணக்கு தொடங்கிக்கொள்வார்.

அதுவரை அந்த ஆப்பைத் திறந்து கார் எங்கே நிற்கிறது என்று பார்க்காதீர்கள். உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நீங்கள் பார்ப்பது உங்கள் காரை இல்லை, இன்னொரு குடும்பம் எங்கே போகிறது, எந்த நேரத்தில் வீட்டில் இல்லை என்பதை. அவர் தாமதம் செய்கிறார் என்பது அதற்கு நியாயம் ஆகாது.

நீக்குவதற்கு முன் சர்வீஸ் பதிவுகளை மட்டும் எடுத்துக் கொடுங்கள். எப்போது எத்தனை கிலோமீட்டரில் என்ன மாற்றினார்கள் என்ற பில்கள் அவருக்கு உண்மையிலேயே பயன்படும். அடுத்து விற்கும்போது கிலோமீட்டர் மீட்டரில் கை வைக்கவில்லை என்பதற்கும் அதுவே ஆதாரம். ஆப்பில் கிடைக்காவிட்டால் நீங்கள் வழக்கமாக விட்ட சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லிப் பட்டியல் கேளுங்கள். பில்லில் உங்கள் முகவரியும் எண்ணும் இருக்கும் இடத்தை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். அப்புறம், காரின் திரையில் உங்கள் போன் புளூடூத்தில் இணைந்திருந்தால், உங்கள் தொடர்பு எண்களும் வீட்டு முகவரியும் அதிலேயே தங்கியிருக்கும். அமைப்புகளில் போய் ஃபேக்டரி ரீசெட் செய்து எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி அவரிடம் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

இன்சூரன்ஸ் பெயர் மாற்றம் அவர் செய்ய வேண்டியது. வண்டி கைமாறியதும் 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 157-ஆவது பிரிவு. அவரை அசைய வைக்க உங்கள் அண்ணன் வழியைவிட நல்ல வழி இங்கே இருக்கிறது. மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு சேர்ந்து போய்விடும். ஆனால் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படிப் போகாது. இன்றைக்கு மரத்தில் மோதி முன்பக்கம் நொறுங்கினால், பாலிசி உங்கள் பெயரில், கார் அவர் கையில். கம்பெனி அவருக்குப் பணம் தராது. தள்ளிப்போடுவதில் அவருக்கு இருக்கும் ஒரே பெரிய நஷ்டம் இதுதான். பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது. எடுத்துச் சொல்லுங்கள், வேகம் வரும்.

உங்களுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. க்ளெய்ம் செய்யாத வருடங்களுக்கான போனஸ் உங்களுடையது, காருடையது இல்லை. 50 சதவீதம் வரை இருக்கலாம். பாலிசி பெயர் மாறும்போது அதற்கான சான்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால், மூன்று வருடத்துக்குள் நீங்கள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். கேட்காவிட்டால் யாரும் வீடு தேடி வந்து தரமாட்டார்கள்.

புரோக்கர் பற்றி: 2023 ஏப்ரல் முதல், பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற்ற பழைய வாகன வியாபாரிகளுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைத்துப் படிவம் 29சி-யை இணையத்தில் பதிந்துவிட்டால், அதன்பின் பொறுப்பு அவருடையது. உங்களுக்கு வந்தவர் வெறும் இடைத்தரகர் என்றே தெரிகிறது. அடுத்த முறை அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

சண்டை வேண்டாம் என்கிறீர்கள். சரிதான், இப்போதைக்கு அது தேவையும் இல்லை. கோபமோ கெஞ்சலோ இல்லாமல் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: “வணக்கம் தம்பி. கார் இன்னும் என் பெயரில் இருப்பதால், ஏதாவது விபத்து என்றால் நான் நீதிமன்றம் போக வேண்டும், உங்களுக்கும் காரின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் வராது. வரும் 15-ஆம் தேதிக்குள் பரிவாகனில் விண்ணப்பித்து விண்ணப்ப எண்ணை அனுப்புங்கள். ஓ.டி.பி. எனக்கு வரும், உடனே சொல்கிறேன். சனிக்கிழமையோடு ஃபாஸ்டேக்கை மூடுகிறேன். ஆர்.டி.ஓ.வுக்கு நான் தகவல் அனுப்பியதன் நகலை இணைத்திருக்கிறேன்.” தேதிகளை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் சக ஆசிரியரிடமும் ஒரு நகலைக் காட்டிவிடுங்கள். மறைத்துச் செய்தீர்கள் என்ற பேச்சு வராது.

குறித்த தேதிக்குப் பிறகும் அசையவில்லை என்றால், உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் அதற்கு அடுத்த படி. கார் திருடு போய்விட்டதாகப் புகார் கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பணம் வாங்கிய கணக்கு உங்களுடையது. பொய்ப் புகார் உங்கள்மேலேயே திரும்பும்.

விண்ணப்ப எண் வந்தபின் அதை வைத்து நிலையைப் பரிவாகனில் நீங்களே பார்க்கலாம். ஏற்கப்பட்டது என்று காட்டியதும் வண்டி எண்ணைப் போட்டு விவரம் பாருங்கள். உரிமையாளர் பெயர் நட்சத்திரக் குறிகளுக்கு இடையில் பாதி மறைந்துதான் தெரியும். ஆனால் எழுத்துகள் உங்கள் பெயருடையவை இல்லை என்பதைக் கண்டுகொள்ளலாம். தேதி தெரிகிற மாதிரி அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, ஒப்புகைகளோடு சேர்த்து வையுங்கள். விற்ற நாளுக்கும் பெயர் மாறிய நாளுக்கும் நடுவில் நடந்த எதற்காவது பிறகு கடிதம் வந்தால் அந்தக் கட்டு தேவைப்படும். ஆகவே பெயர் மாறிவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.